மும்பையில் மெலிந்த உயிர்கள்: பாஞ்சராப்போல் முதல் குளிர்நீர்த் தொட்டி வரை

மும்பைத் துறைமுகத்தின் ஓரமாக வடக்கு நோக்கி வரும் கிழக்கு விரைவுப்பாதை 2013இல் திறக்கப்பட்டபோது, அது செம்பூரில் வந்து சேரும் இடத்தின் பெயரான பாஞ்சராப்போல், நகரின் போக்குவரத்துச் செய்திகளில் அன்றாடம் அடிபடும் பெயராயிற்று. முதிர்ந்தும் நோயுற்றும் மெலிந்தும் போன விலங்குகளை அவற்றின் இறுதிக்காலம்வரை வைத்துக் காக்கும் அறநிலையத்துக்குக் குஜராத்தியர் வழங்கும் பெயர் அது. தெற்கு மும்பையின் புலேஷ்வரில் 1834இல் தொடங்கப்பட்ட அத்தகைய நிலையம் ஒன்றின் கிளை செம்பூரில் அமைந்ததால் இடத்துக்கும் அப்பெயர் நிலைத்தது. அந்த நிலையம் தோன்றி ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆகும் இக்காலத்தில், ஆக்சலாட்டல் என்னும் மெக்சிகோ நாட்டு நீர்வாழ் சலமாண்டர் இந்தியப் பெருநகரங்களின் வளர்ப்புயிர்ச் சந்தைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதை வாங்கி வளர்ப்போரில் பலர் சில மாதங்களிலேயே அது எலும்பும் தோலுமாக மெலிவதைக் கண்டு திகைக்கின்றனர். மாடும் நாயும் ஒருபுறம், கையளவே உள்ள இந்த நீருயிர் மறுபுறம் என இவற்றுக்கிடையே தொடர்பு ஏதும் இல்லை என்றே முதலில் தோன்றும். ஆயினும் மெலிந்த விலங்கைத் தேற்றும் கலையை மும்பை நகரம் எவ்வாறு படிப்படியாகக் கற்றது என்று பார்த்தால், முதலில் தீனி, பிறகு நோய், இறுதியில்தான் விலங்கு நிற்கும் இடம் என்ற வரிசையில் கவனம் நகர்ந்திருப்பது தெரியவரும். முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியே கடைசியில் கேட்கப்பட்டது என்பதுதான் இந்த வரலாற்றின் விந்தை.

பாஞ்சராப்போல் மும்பையில் பிறந்த ஏற்பாடன்று. குஜராத்தின் வணிக நகரங்களில் சமணர்களும் வைணவ வணிகர்களும் அதைப் பல நூற்றாண்டுகளாக நடத்திவந்தனர். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியா வந்த ஆங்கிலேய வணிகர் ரால்ஃப் ஃபிட்ச், காம்பே நகரில் முடமான நாய்களுக்கும் பூனைகளுக்கும் பறவைகளுக்கும் மருத்துவ இல்லங்கள் இருந்ததை வியப்போடு எழுதினார். 1623இல் அதே நகருக்கு வந்த இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வாலே கண்ட காட்சி இன்னும் நுட்பமானது: தாயை இழந்த எலிக்குஞ்சுகளைப் பஞ்சு பரப்பிய பெட்டிக்குள் வைத்து, மூக்குக்கண்ணாடி அணிந்த வெண்தாடி முதியவர் ஒருவர் பறவையிறகால் பாலைத் தொட்டுத்தொட்டு அவற்றுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். வலுவிழந்த உயிருக்கு உணவை அளவாகவும் அடிக்கடியும் தரவேண்டும் என்ற அறிவும், அதைக் கதகதப்பான இடத்தில் வைக்கவேண்டும் என்ற அறிவும் அந்த ஒரே செயலில் அடங்கியிருந்தன எனலாம். அத்தகைய தனிக்கவனம் எல்லா இடத்திலும் இருந்ததென்று கொள்வதற்கில்லை. சூரத்து நகரின் விலங்கு இல்லத்தைப் பார்வையிட்டு அலெக்ஸாண்டர் பர்ன்ஸ் எழுதி 1834இல் அரச ஆசியக் கழகத்தின் இதழில் வெளியான குறிப்பு, பூச்சிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டுத் தானியம் கொட்டி வைக்கப்பட்ட அறை ஒன்றையும், 75 ஆண்டுகளாக அங்கேயே இருப்பதாகச் சொல்லப்பட்ட ஆமை ஒன்றையும் விவரிக்கிறது. உயிரைப் போக்கக்கூடாது என்ற உறுதி அங்கே ஐயத்துக்கு இடமின்றி இருந்தது. அந்த உயிர் எந்த நிலையில் இருக்கிறது என்ற கேள்வி அதே அளவு வலுவோடு எழவில்லை.

மும்பையில் இந்த ஏற்பாடு வேரூன்றியதற்குக் காரணம் நாய்களே. தெருநாய்களைக் கோடைக்காலத்தில் குறிப்பிட்ட மாதங்களில் கொல்வதற்கு 1813ஆம் ஆண்டின் காவல் விதி ஒன்று இடமளித்தது. கொல்லப்படும் ஒவ்வொரு நாய்க்கும் காவலருக்கு 8 அணா வெகுமதி கிடைத்ததால், வீட்டு வாயிலில் படுத்திருந்த நாய்களும் தப்பவில்லை. 1832இல் கொல்லும் காலம் ஜூன் நடுப்பகுதிவரை நீட்டிக்கப்பட்டபோது, நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகளின் சினம் எல்லை கடந்தது. ஜூன் 6 அன்று கோட்டைப் பகுதியில் காவலர்கள் தாக்கப்பட்டனர். மறுநாள் பார்சிகளோடு இந்து, சமண வணிகர்களும் சேர்ந்து கடைகளை அடைத்தனர். கொலாபாவிலிருந்த படையினருக்குச் செல்லவேண்டிய உணவுப்பொருள்கள்கூட மறிக்கப்பட்டன. படை வரவழைக்கப்பட்டுக் கூட்டம் கலைக்கப்பட்டது, சிலர் தண்டிக்கப்பட்டனர். சீனத்தோடு பஞ்சும் அபினும் வாணிகம் செய்து பெருஞ்செல்வரான ஜம்ஷேட்ஜி ஜீஜீபாய் அரசுக்கும் மக்களுக்கும் இடையே சமரசம் பேசி, நாய்களைக் கொல்வதற்கு மாற்றாக நகருக்கு வெளியே கொண்டுபோய் விடும் வழிக்கு உதவினார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவரும் அமிசந்து குடும்பத்தைச் சேர்ந்த சமண வணிகர்களும் இணைந்து புலேஷ்வரில் பாஞ்சராப்போலை நிறுவினர். நாய்களுக்காகத் தொடங்கிய இடம் விரைவிலேயே மாடுகளாலும் ஆடுகளாலும் பறவைகளாலும் நிறைந்தது.

இந்நிலையத்தின் செலவை ஈடுகட்டிய முறை தனியே நோக்கத்தக்கது. வணிகர்கள் தாமே முன்வந்து, தாம் வாங்கி விற்கும் சரக்கின்மீது ஒரு சிறு தொகையை அறக்கொடையாக ஒதுக்கினர். லாகா என்று வழங்கிய இந்த ஒதுக்கீடு தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் கோயிலுக்கும் பள்ளிக்கும் ஒதுக்கிய மகமையை ஒத்தது. சரக்கு பெருகப்பெருக வருவாயும் பெருகியது. விலங்குகளோ அதைவிட வேகமாகப் பெருகின. பால் வற்றிய பசுவையும் உழைக்க முடியாத காளையையும் உரியவர்கள் கொண்டுவந்து விட்டுச் செல்வது எளிது, அவற்றை ஏற்க மறுப்பதுதான் அறத்துக்கு மாறானது. நகரின் நடுவே இட நெருக்கடி மிகுந்தபோது, புல்வெளியும் திறந்த நிலமும் கிடைத்த செம்பூர் போன்ற புறநகர்க் கிளைகளுக்கு விலங்குகள் அனுப்பப்பட்டன. அக்காலச் செம்பூர் நகரின் எல்லைக்கு அப்பாற்பட்ட சிற்றூர். குர்லாவிலிருந்து அங்கே இருப்புப்பாதை போடப்பட்டதே 1906இல்தான், பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது 1924இல். மேய்ச்சல் நிலத்துக்கு அனுப்பப்பட்டதை இடநெருக்கடிக்கான தீர்வாகவே நிருவாகிகள் கருதியிருக்கக்கூடும். ஆனால் மெலிந்த மாட்டுக்கு நடக்க இடமும் பசும்புல்லும் கிடைத்தது என்ற அளவில், தீனித் தொட்டியால் ஆகாத ஒன்றை அந்த இடமாற்றம் செய்திருக்கவேண்டும்.

பாஞ்சராப்போல்கள்மீது எழுந்த குறைகூறலும் இந்த இடத்தில்தான் குவிந்தது. 1899-1900ஆம் ஆண்டுகளின் கொடும்பஞ்சத்தில் குஜராத்தின் பாஞ்சராப்போல்கள் தாங்கமாட்டாத அளவு கால்நடைகளால் நிறைந்தன. காப்பதற்கென்று கட்டிய இடத்திலேயே விலங்குகள் பட்டினியால் மடிந்தன. காந்தியும் பாஞ்சராப்போல்களின் நோக்கத்தைப் போற்றியவாறே அவற்றின் நிருவாகத்தைக் கடிந்து எழுதினார். கால்நடை அறிவு படைத்தவர்களைக்கொண்டு, பால்பண்ணையும் இறந்த விலங்கின் தோலைப் பதனிடும் கூடமும் இணைத்து அவற்றை நடத்தவேண்டும் என்பது அவர் கருத்து. அதை வெறும் சிக்கன யோசனையாகக் கொள்ளக்கூடாது. எத்தனை விலங்கை ஏற்கலாம், ஒவ்வொன்றும் எந்நிலையில் இருக்கிறது, எது தேறும், எது தேறாது என்று கணக்கெடுக்கும் ஒழுங்கு அதில் மறைந்திருக்கிறது.

அந்தக் கணக்கை மும்பையில் முதலில் தொடங்கியவர்கள் குதிரைகளால் நெருக்கப்பட்டவர்கள். 1874ஆம் ஆண்டு மே 9 அன்று கொலாபாவுக்கும் பைதோனிக்கும் இடையே குதிரைகள் இழுக்கும் டிராம் வண்டி ஓடத் தொடங்கியது. 1905இல் அந்தச் சேவை நின்றபோது நிறுவனத்தின் லாயங்களில் 1,360 குதிரைகள் இருந்தன. வெயிலில் இரும்புத் தடத்தின்மீது பாரம் இழுத்த இக்குதிரைகளும், துறைமுகத்திலிருந்து பஞ்சுப் பொதி ஏற்றிவந்த மாட்டுவண்டிக் காளைகளும் நகரத்தார் கண்முன்னே மெலிந்து விழுந்தன. டிராம் வந்த அதே 1874இல் மும்பையில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் நிறுவப்பட்டது தற்செயலாக இருக்கலாம், ஆனால் அது கையாண்ட வழக்குகள் பெரும்பாலும் வண்டி இழுக்கும் விலங்குகளைப் பற்றியவை. பஞ்சாலை அதிபர் தின்ஷா மானக்ஜி பெட்டிட்டின் கொடையால், அவர் மனைவி சாகர்பாயின் பெயரில் பரேலில் விலங்கு மருத்துவமனை ஒன்று 1880களின் முற்பகுதியில் உருவாயிற்று. அதையொட்டி 1886இல் மும்பைக் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்று ஜே. எச். ஸ்டீல் அதன் முதல் முதல்வரானார்.

பரேலில் நிகழ்ந்த மாற்றம் அறத்தைவிட அறிவைச் சார்ந்தது. மெலிவு என்பது தனி நோயாகாது, வேறொன்றின் அறிகுறி என்று மருத்துவர்கள் பார்க்கத் தொடங்கினர்: பல் தேய்ந்த குதிரை தானியத்தை அரைக்க முடியாமல் மெலியும், குடற்புழு மிகுந்த கன்று தின்றும் மெலியும், நுகத்தடிப் புண் ஆறாத காளை வலியால் உண்ணாமல் மெலியும். மூன்றுக்கும் ஒரே தீனியைக் கொட்டுவதால் பயனில்லை. நெடுநாள் பட்டினி கிடந்த குதிரைக்கு ஒரேயடியாகத் தானியம் கொடுத்தால் வயிற்று வலியும் குளம்பு அழற்சியும் வரும். எனவே முதலில் நீரும் வைக்கோலும், பிறகு சிறிதுசிறிதாகச் செறிவான தீனி என்ற ஒழுங்கும் நிலைபெற்றது. இத்தகைய பார்வையே பிற்காலத்தில், விலங்கின் முதுகெலும்பையும் விலாவையும் கையால் தடவி மதிப்பெண் இடும் முறையாக வளர்ந்தது. குதிரைக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் வழங்கும் அளவுகோலை அமெரிக்காவில் ஹென்னக் என்பவர் 1983இல் வகுத்தார். ஆயினும் பரேல் மருத்துவமனைக்கும் ஓர் எல்லை உண்டு. அங்கே வந்த பெரும்பாலான விலங்குகள் உழைப்புக்குத் திரும்புவதற்காகவே தேற்றப்பட்டன. தேறியபின் அவை மீண்டும் அதே வண்டியிலும் அதே வெயிலிலும் பூட்டப்பட்டன.

தேறாதவை சென்ற வழியைத் தமிழர் நன்கு அறிவர். பாந்திரா இறைச்சிக்கூடத்திலிருந்து வந்த தோல்களை நம்பித் தாராவியில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் கூடங்கள் எழுந்தன. அவற்றை நடத்தியவர்களிலும் அவற்றில் உழைத்தவர்களிலும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் உள்ளிட்ட தமிழர் பெருந்தொகையினர். இறைச்சிக்கூடம் 1971இல் தேவனாருக்கு மாற்றப்பட்டபோது அது செம்பூர்ப் பாஞ்சராப்போலுக்கு அண்டைப் பகுதிக்கே வந்து சேர்ந்தது. விலங்கைக் கொல்லாமல் காக்கும் இடமும் கொல்லும் இடமும் நகரின் ஒரே மூலைக்குத் தள்ளப்பட்டன என்பதில் கொள்கை ஏதும் இல்லை. மாநகரம் தான் பார்க்க விரும்பாத எல்லாவற்றையும், 1927 முதல் குப்பையையும்கூட, அந்தத் திசையிலேயே அனுப்பிவந்தது.

நீரில் வாழும் உயிர்களை வைத்துப் பேணும் வழக்கம் இவற்றிலிருந்து வேறான பாதையில் வந்தது. லண்டன் விலங்குக்காட்சியகத்தில் 1853இல் உலகின் முதல் பொது மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. இந்தியாவில் அவ்வழக்கத்தைத் தொடங்கியது சென்னை. எட்கர் தர்ஸ்டனின் முயற்சியால் மெரினா கடற்கரையில் 1909இல் திறக்கப்பட்ட மீன்காட்சியகம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மூடப்பட்டது. மும்பையில் தாராபொரேவாலா என்னும் பார்சி வள்ளலின் கொடையோடு மெரைன் டிரைவில் 8 லட்சம் ரூபாயில் கட்டப்பட்ட மீன்காட்சியகத்தைக் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் 1951இல் திறந்துவைத்தார். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1961இல், மத்திய மீன்வளக் கல்வி நிறுவனமும் அதே நகரில் அமைந்தது. தாராபொரேவாலா காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வந்த குழந்தைகளின் வற்புறுத்தலால் வீட்டு வரவேற்பறைகளிலும் கண்ணாடித் தொட்டிகள் இடம்பெறத் தொடங்கியிருக்கும் என்று எண்ணுவதில் தவறில்லை. கிராஃபர்டு சந்தையும் குர்லாவும் அலங்கார மீன்களுக்கான கடைகளாலும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தாலும் பெயர்பெற்றன.

மீன்தொட்டி வளர்ப்போருக்கு ஓர் உண்மையை வலியக் கற்பித்தது. மாட்டின் சாணத்தைக் கொட்டிலிலிருந்து அள்ளி எறியலாம். மீனின் கழிவோ அது சுவாசிக்கும் நீரிலேயே கலந்து அம்மோனியாவாகிறது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நஞ்சு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேறச் சில வாரங்கள் ஆகும். அதற்குமுன் உயிர்களை நிரப்பினால் அவை தின்ன மறுத்து மெலியும், அல்லது இறக்கும். விஹார், துளசி, தான்சா ஏரிகளிலிருந்து 19ஆம் நூற்றாண்டிலேயே குழாயில் நீர் பெற்ற நகரம் மும்பை. அந்த நீர் மனிதருக்காகக் குளோரின் சேர்த்துத் தரப்படுவதால், அதை நீக்காமல் தொட்டியில் ஊற்றினால் செவுள் கருகும். இவ்வாறு நீரே இடமாகவும் காற்றாகவும் உணவின் ஒரு பகுதியாகவும் ஆகிவிட்டபோது, இடத்தைப் பற்றிய கேள்வியை ஒத்திவைக்க வழியில்லாமற்போயிற்று.

இந்தக் கேள்வியை மிகக் கடுமையாக எழுப்பும் உயிர் ஆக்சலாட்டல். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில், மெக்சிகோ நகரை ஒட்டிய ஷோச்சிமில்கோ, சால்கோ ஏரிகளின் குளிர்ந்த நீரே அதன் தாயகம். பிற சலமாண்டர்களில் பல இளம்பருவத்தில் நீரிலும் முதிர்ந்தபின் நிலத்திலும் வாழும். ஆக்சலாட்டலோ இறகு போன்ற வெளிச்செவுள்கள் நீங்காமலே முதிர்ந்து முட்டையிடுகிறது. இளமை உருவிலேயே இனம்பெருக்கும் இவ்வியல்பை உயிரியலார் நியோட்டினி என்பர். பிரெஞ்சுப் படை மெக்சிகோவில் இருந்த காலத்தில் 34 ஆக்சலாட்டல்கள் பாரிசுக்கு அனுப்பப்பட்டு 1864இல் அங்கே வந்து சேர்ந்தன. அவற்றுள் 6, அருங்காட்சியக விலங்கியலார் ஒகுஸ்த் துயுமெரிலிடம் ஒப்படைக்கப்பட்டன. 1865 தொடக்கத்தில் அவை முட்டையிட்டன; அவ்வாண்டின் பிற்பகுதியில் குஞ்சுகளில் சில செவுளை இழந்து நிலவாழ் சலமாண்டராக மாறித் துயுமெரிலைத் திகைக்கவைத்தன. அவர் பிற ஆய்வாளர்களுக்கு அனுப்பிய குஞ்சுகளின் வழிவந்தவையே உலகின் ஆய்வுக்கூடங்களிலும் பின்னர் வீடுகளிலும் பரவின. இன்று தொட்டிகளில் காணப்படும் வெண்ணிற வகைக்கும் பாரிசு வந்த அந்த ஆறில் ஒன்றாக இருந்த வெள்ளை ஆண் ஒன்றே மூலம் என்று கருதப்படுகிறது. உணவு இவ்வுயிரின் உடலை எந்த அளவுக்கு மாற்றக்கூடும் என்பதற்கு 1920இல் ஜூலியன் ஹக்ஸ்லி செய்த சோதனை சான்று: மாட்டின் தைராய்டு சுரப்பியைத் தின்னக் கொடுத்த ஆக்சலாட்டல்கள் செவுளை இழந்து நிலவாழ் உருவம் பெற்றன.

குளிர்நீர் உயிர் மும்பைக்கு வந்தால் நேர்வது என்ன என்பதை இனி எளிதில் உணரலாம். ஆக்சலாட்டலுக்கு உகந்த வெப்பநிலை 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். 24ஐத் தாண்டினால் அது துன்புறத் தொடங்கும். மும்பையில் ஜனவரி இரவுகள் சிலவற்றைத் தவிர்த்து ஆண்டு முழுவதும் அறைநீர் அதைவிடச் சூடானது: தாராவியின் தகரக்கூரை வீட்டிலும் சரி, மாதுங்காவில் 1930களில் எழுந்த உயர்ந்த கூரையுடைய குடியிருப்பிலும் சரி, ஏப்ரலில் இயந்திர உதவியின்றித் தொட்டியைக் குளிர்விக்க முடியாது. குளிர்க்குருதி உயிர்களில் உடல்வெப்பம் நீரின் வெப்பத்தைத் தொடர்வதால், சூடான நீரில் உடல் தன் சேமிப்பை விரைவாக எரிக்கிறது. அதே சூடு பசியைக் கெடுத்து, நீரில் கரைந்த பிராணவாயுவைக் குறைத்து, பூஞ்சையையும் பாக்டீரியாவையும் வளர்க்கிறது. எரிவது கூடி உண்பது குறையும்போது மெலிவு நிச்சயம். மின்விசிறியை நீர்ப்பரப்பின்மீது ஓடவிட்டு ஆவியாதலால் குளிர்விக்கும் உத்தி உலர்ந்த ஊர்களில் சில டிகிரியைக் குறைக்கும். காற்றே ஈரமாக இருக்கும் மழைக்கால மும்பையில் அது பெரிதும் தோற்கிறது. குளிர்விப்பான் என்னும் இயந்திரம் வேலை செய்யும், ஆனால் நீரிலிருந்து எடுத்த வெப்பத்தை அது அறைக்குள்ளேயே கொட்டும். சிறிய அறையில் குடும்பத்தோடு அதையும் வைத்துக்கொள்வது எளிதன்று. இந்த ஊரில் ஆக்சலாட்டல் வளர்ப்பதையே தவிர்ப்பது நல்லது என்று கருதுவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

வளர்த்தே தீர்வது என்றானவர்கள் மெலிவை அளக்கும் வழி எளியது: மேலிருந்து பார்க்கும்போது வயிற்றின் அகலம் தலையின் அகலத்தை ஒட்டி இருக்கவேண்டும், வயிறு தலையைவிடக் குறுகி, வால்மடிப்பு மெலிந்து, செவுள் இழைகள் உதிர்ந்திருந்தால் அது நலிந்துவிட்டது. நீர் நிரப்பிய பெட்டியைச் சமையலறைத் தராசில் வைத்து, விலங்கை அதில் விட்டு வாரம் ஒருமுறை எடை பார்த்தால் கண்ணின் ஏமாற்றம் நீங்கும். பரேல் மருத்துவர்கள் குதிரையிடம் கேட்ட கேள்விகளையே இங்கும் கேட்கவேண்டும். தொட்டியின் அடியிலிட்ட கூழாங்கல்லை விழுங்கிக் குடல் அடைபட்டதா, கூடவிட்ட மீன்கள் செவுளைக் கடிக்கின்றனவா, கழிவில் ஒட்டுண்ணி உண்டா என்று பார்த்தபின்னரே தீனியைப் பற்றிப் பேசலாம். மும்பை ஏரிநீரைவிடச் சற்றுக் கடினமான நீரே அதற்கு உகந்தது என்பதால் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் சேர்ப்பதும் தேவைப்படலாம். நீரை ஒரேயடியாகக் குளிர்விப்பதும் தீங்கு. நாளுக்கு ஓரிரு டிகிரியாக இறக்கவேண்டும்.

நீர் சீரான பிறகு தீனியின் முறை வரும். ஆக்சலாட்டலுக்கு மண்புழுவே நிறைவான உணவு. நலமான பெரிய விலங்குக்கு வாரம் இரண்டு மூன்று முறை போதும், மெலிந்ததற்கு நாள்தோறும் சிறு துண்டுகளாகக் கொடுக்கவேண்டும், கக்கினால் அளவைக் குறைக்கவேண்டும். இந்திய மண்புழு உரக்கூடங்களில் பெருகும் இரண்டு இனங்களுள் ஐசினியா ஃபெட்டிடா கசப்பான திரவம் சுரப்பதால் பல ஆக்சலாட்டல்கள் அதைத் துப்பிவிடும். யூட்ரிலஸ் யூஜீனியே என்னும் ஆப்பிரிக்க இனத்தை அவை விரும்பி விழுங்கும். மீன்கடைகளில் எளிதில் கிடைக்கும் டியூபிஃபெக்ஸ் புழு சாக்கடைச் சேறு போன்ற அழுகிய இடங்களில் செழிப்பது. நலிந்த உயிருக்கு அது நோயையும் சேர்த்தே கொண்டுவரும். தங்கமீனை உயிருடன் போடுவதும் தவறு, ஏனெனில் அதிலுள்ள தயாமினேஸ் என்னும் நொதி பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். விரைவில் கொழுக்கவைக்கும் ஆசையில் மாட்டிதயம் போன்ற கொழுப்புமிக்க இறைச்சியைத் தருவது பழைய ஆய்வுக்கூட வழக்கங்களின் எச்சம். எடை ஏறினாலும் ஈரல் கெடும். சரியான நீரும் சரியான புழுவும் இருந்தால் வயிறு தேற வாரங்களும் செவுள் இழைகள் மறுபடி முளைக்க மாதங்களும் ஆகும். உறுப்பையே மீண்டும் வளர்க்கவல்ல உயிர் என்று புகழ்பெற்ற இதற்கும் தேறுவதற்குக் காலம் தேவை.

சட்டமும் இப்போது இந்தத் தொட்டிகளை எட்டிப்பார்க்கிறது. அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் ஆக்சலாட்டல் 1975 முதல் இடம்பெற்றுள்ளது. இந்தியாவின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் கொண்டுவரப்பட்டு 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம், அவ்வுடன்படிக்கையின் பட்டியல்களில் உள்ள உயிர்களை நான்காம் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. 2024 பிப்ரவரியில் வெளியான விதிகள், அவற்றை வைத்திருப்போர் பதிவுசெய்துகொள்ளவும், பிறப்பையும் இறப்பையும் கைமாற்றத்தையும் தெரிவிக்கவும் கட்டளையிடுகின்றன. 2021இல் மைன்கிராஃப்ட் என்னும் கணினி விளையாட்டில் ஆக்சலாட்டல் சேர்க்கப்பட்ட பிறகு அதன்மேல் குழந்தைகளுக்கு ஏற்பட்ட மோகத்துக்கு இந்த விதிகள் காலம் தாழ்ந்தே வந்தன.

தாயகத்தில் நிலை இன்னும் கவலைக்குரியது. ஷோச்சிமில்கோவில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1998இல் 6,000 எனக் கணிக்கப்பட்ட தொகை 2014இல் 36ஆகச் சுருங்கியிருந்தது. நகரின் கழிவுநீரும், வளர்ப்புக்காக விடப்பட்ட கெண்டையும் திலேப்பியாவும் அதற்குக் காரணம். மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அங்கே கால்வாய்களின் ஒரு பகுதியை வடிகட்டிகளால் அடைத்து, மீன் நுழையாத தூய நீர்ப்புகலிடங்களை உழவர்களோடு சேர்ந்து உருவாக்கிவருகின்றனர். காப்பிடத்தில் வளர்ந்த 18 ஆக்சலாட்டல்களுக்கு அலைபரப்பிக் கருவி பொருத்தி, அத்தகைய புகலிடம் ஒன்றிலும் சீரமைக்கப்பட்ட குளம் ஒன்றிலும் விட்டுப் பார்த்த ஆய்வின் முடிவு 2025இல் வெளியானது. கண்காணித்த காலம் முழுவதும் எல்லாம் உயிரோடு இருந்தன. மீண்டும் பிடிக்கப்பட்ட மூன்றும், எவரும் புழு போடாமலே, எடை கூடியிருந்தன. பின்னர் இரண்டைக் கொக்குகள் தின்றுவிட்டன.